காரணமில்லாமல் நிறுத்திய பம்ப்

நிர்மலா மேடம் எங்கள் ரெசின் ஃபேக்டரிக்கு சேஃப்டி மேனேஜராக வந்த முதல் நாளே கேன்டீனில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கேட்டு வாங்கினார். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தார். ஆவி கிளம்பியதும் இறக்கி, மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றினார். யாரும் கை வைக்காமலே டின் நசுங்கியது.

"உள்ள காத்து போக வழியில்லன்னா டேங்க்கும் இப்படித்தான். எது சரியில்லன்னு பட்டாலும் ஸ்டாப் பட்டனை அழுத்துங்க. யாரையும் கேக்க வேணாம்," என்றார்.

நான் அப்போது ஷிஃப்ட் இன்சார்ஜ். பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோடு டிராஃபிக்கில் வெந்து வந்து, இதுபோல எத்தனையோ டிரெய்னிங்கில் டீ குடித்தவன். இதுவும் அந்த ரகம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பம்ப் ஆபரேட்டர் ஆறுமுகம், ஏதோ சத்தம் கேட்டதென்று ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை நிறுத்திவிட்டான். கழற்றிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. பேட்ச் தள்ளிப்போய் லாரி காத்துக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெமோ கொடுக்கச் சொன்னேன். மேடமோ மறுநாள் காலை மீட்டிங்கில் அவனை முன்னால் கூப்பிட்டு, "சந்தேகம் வந்துச்சு, நிறுத்தினார். நான் கேட்டதும் அதைத்தான்," என்று எல்லாரையும் கைதட்ட வைத்தார். நானும் வேண்டாவெறுப்பாகத் தட்டினேன்.

ஆயுத பூஜைக்கு முன் டேங்க், பைப் எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடிப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷமும் வாழைக்கன்று, சாமந்தி மாலை என்று ஃபேக்டரியே ஜொலித்தது. சால்வென்ட் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாதென்று கற்பூரத்தை மட்டும் மேடம் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார். பூஜை முடிந்து நல்ல நேரத்துக்குள் முதலாளி கையால் பம்ப்பைப் போட்டு, டேங்க்கிலிருந்து, சட்டென்று தீப்பிடிக்கும் சைலீன் என்ற சால்வென்ட்டை, ரெசின் காய்ச்சும் ரியாக்டருக்கு ஏற்ற வேண்டும். குடும்பத்தோடு வந்திருந்த முதலாளி பட்டனை அழுத்தினார். எல்லாரும் கைகூப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் ஆறுமுகம் முதலாளியைத் தாண்டிக் கையை நீட்டி பம்ப்பை நிறுத்தினான்.

"ஏனப்பா ஆயித்து? என்னாச்சு?" என்று கன்னடமும் தமிழுமாகச் சீறினார் முதலாளி. "நல்ல காரியத்தைப் பாதியில நிறுத்துவாங்களா?"

"டேங்க் பக்கம் டொக்குனு ஒரு சத்தம் சார். சரியாப் படல."

மறுபடியும் இவனா என்று நினைத்தேன். இந்தத் தடவை அவன் வேலையே போய்விடும் என்று பயந்தேன். மேடம் நடுவில் வந்து, "நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் யாரும் போடாதீங்க சார்," என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு, பக்கத்துப் பிளாட்ஃபாரத்தில் ஏறிப் பார்த்தார்.

டேங்க்குக்குக் காற்று போகும் வென்ட் பைப்பின் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தது. உள்ளே பெயிண்ட் தெறிக்கக் கூடாதென்று பெயிண்டர்கள் அக்கறையாகக் கட்டிவிட்டு, அவிழ்க்க மறந்திருக்கிறார்கள். டேங்க்கின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பம்ப் இன்னும் ஓடியிருந்தால் அந்த எண்ணெய் டின்னின் கதிதான். டேங்க் கிழிந்து சைலீன் கொட்டியிருக்கும். முதலாளியின் பேரக்குழந்தை உட்பட எல்லாரும் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.

முதலாளி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெயிண்டர்களைத் திட்ட ஆரம்பித்தேன். "அவங்களுக்கு வென்ட்னா என்னன்னு நான் சொல்லித் தரல. அவங்கள ஏன் திட்றீங்க?" என்றார் மேடம். அடுத்த வாரமே பெயிண்டர்களைக் கேன்டீனில் உட்காரவைத்து இன்னொரு டின்னை நசுக்கினார். அப்படி ஒரு அதிகாரியை என் சர்வீஸில் வேறு பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் டீ நேரத்தில் ஆறுமுகத்திடம் கேட்டேன். "முதலாளி முன்னாடி எப்படிப்பா தைரியம் வந்துச்சு? அன்னைக்கும் ஒண்ணுமில்லன்னு ஆகியிருந்தா?"

"போன தடவை ஒண்ணுமில்லாததுக்கே கைதட்டினீங்களே சார்," என்றான்.

டின் நசுங்கிய நாளில்தான் எங்களுக்கு டிரெய்னிங் நடந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் வேண்டாவெறுப்பாகக் கைதட்டிய அந்தக் காலையில்தான் அது நடந்திருக்கிறது.