துப்பாக்கி வீட்டுக் கஸ்தூரி

பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்கள், எண்பதுகளில், ஊருக்குப் போகும்போது சாவியைக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். எல்லாம் கஸ்தூரியின் முகத்துக்காக என்று சொல்ல முடியாது. அவள் வீட்டுப் பீரோவில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. கணவர் பக்தவத்சலம் பட்டாளத்திலிருந்து திரும்பி, ஆவடியில் ஒரு பேங்கில் காவல் வேலை பார்த்தார். துப்பாக்கியும் லைசென்ஸும் சொந்தமாக இருந்ததால்தான் அந்த வேலையே கிடைத்தது. சாயங்காலம் அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் தெருவுக்குள் திரும்பினால், வாசலில் நிற்கிற பெண்கள் நிம்மதியாக உள்ளே போவார்கள். தபால்காரருக்குக்கூட அது துப்பாக்கி வீடுதான்.

கஸ்தூரிக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. தெருவார் சாவிகளுக்கென்று சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். வெளியே போனால் அந்த ஆணியையும் நம்பமாட்டாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் படி இறங்குவாள். பக்கத்து வீட்டு லத்தீஃபா மட்டும் சாவியோடு ஒரு கிண்ணத்தில் ஏதாவது பலகாரமும் கொண்டுவருவாள். அவள் கணவர் அப்துல் ஜப்பாருக்குப் பூந்தமல்லியில் துணிக்கடை. அவள் தம்பி நஜீர் அந்தக் கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தான். அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.

எண்பத்தேழில் மழைக்குப் பிறகு திருட்டு அதிகமானது. பின்தெருவில் ஒரு வீட்டில் பித்தளைக் குடம், குக்கர், கொடியில் காய்ந்த பேன்ட் வரை போய்விட்டது. அதன்பிறகு தெரு மொத்தமும் பக்தவத்சலத்தின் வாசலில்தான். மிலிட்டரிக்காரர் இருக்கிற தெருவில் எவன் கால் வைப்பான் என்று ஆளாளுக்குச் சொல்லி மனுஷனை ஏற்றிவிட்டார்கள். அவரும் ஏறிக்கொண்டார். தோட்டாவை ஓரிடத்திலும் துப்பாக்கியை வேறிடத்திலும் பூட்டி வைக்கிறவர், அந்த வாரம் தோட்டா போட்டபடியே கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். இது சரியா என்று கஸ்தூரி கேட்டாள். திருடன் வந்து நிற்கும்போது பீரோ சாவியைத் தேடச் சொல்கிறாயா என்று அவர் எரிந்து விழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜப்பாரின் தங்கை மகளுக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். குடும்பம் முதல் நாளே போய்விட்டது. மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்தவன் நஜீர். கிளம்பிய அவசரத்தில் அது இங்கேயே மாட்டியது மாட்டியபடி நின்றுவிட்டது. எடுத்துவர அவனையே அனுப்பினார்கள். அவன் வந்தபோது மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்தது. கஸ்தூரி அடிபம்பில் வரிசையில் நின்றாள். சாவி அவள் முந்தானையில். துப்பாக்கி வீட்டு வாசலில் அவள் செருப்பு இல்லை. உள்ளே பக்தவத்சலம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாரம் பூராவும் நின்றபடி வேலை பார்க்கிற மனுஷன், தூங்குகிற ஒரே மத்தியானத்தில் எழுப்புவது மரியாதையில்லை என்று நஜீர் நினைத்திருக்கிறான். அக்கா வீடுதானே, பின்பக்கம் சுவரேறிக் குதித்து, ஜன்னல் வழியே கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துகொள்ளலாம் என்று போனான். மரியாதை தெரிந்த பிள்ளை செய்த காரியம் அது.

அவன் ஏறும்போது சுவரின் மேல் செங்கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் பக்தவத்சலம் எழுந்து, கதவுக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியோடு பின்வாசலுக்கு ஓடினார். கஸ்தூரி குடத்தோடு பின்சந்தில் திரும்பிக்கொண்டிருந்தாள். சுவர்மேல் இருந்த முதுகைப் பார்த்ததுமே நஜீர் என்று தெரிந்துவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது.

உயிர் போகவில்லை. வலது முழங்கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் மடங்கவில்லை. இனி அதை வைத்து மெஷின் மிதிக்க முடியாது. சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கஸ்தூரி போனாள். லத்தீஃபா அழவில்லை, திட்டவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "உங்க கையிலதான இருந்துச்சு அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

பூந்தமல்லி கோர்ட்டில் கேஸ் நடந்தது. எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. சுடுவதற்கு முன் யாரென்று குரல் கொடுத்தாரா? கொடுத்தேன், பதில் வரவில்லை, சுட்டேன் என்றார் பக்தவத்சலம். தன் காதில் எதுவும் விழவில்லை என்றான் நஜீர். சந்தில் இருந்த கஸ்தூரி என்ன சொல்கிறாளோ அதை வைத்துத்தான் லைசென்ஸும் வேலையும். தெருவில் பலர் வந்து, பார்த்துச் சொல்லம்மா, துப்பாக்கி போய்விட்டால் நாங்கள் யாரை நம்புவது என்றார்கள். கோர்ட்டுக்குக் கிளம்பும் காலையில் பக்தவத்சலம் அடுப்படியில் வந்து நின்றார்.

"நான் கேட்டேன் கஸ்தூரி. உனக்குத்தான் காதுல வுழல."

அவர் அதை நம்பவே தொடங்கிவிட்டிருந்தார். வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்றால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். பாவமாக இருந்தது, அதுதான் கஷ்டம். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"யாருன்னு கேக்கல சார். கேட்டிருந்தா அந்தப் புள்ள பதில் சொல்லியிருக்கும்."

சில மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி சர்க்காருக்கு, வேலை போயிற்று. புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கஸ்தூரி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றாள். தெருவில் ஒவ்வொருவராக இரும்பு கிரில் போட்டார்கள், சிலர் நாய் வளர்த்தார்கள். சாவி கொடுக்க யாரும் வரவில்லை. ஒருநாள் அவளே அந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டாள்.

திரும்பி வந்த பக்தவத்சலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவளோடு அதிகம் பேசவில்லை. ஆனால் கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், "யாரு?" என்பார். பூனை போனாலும் கேட்பார். பம்பிலிருந்து குடத்தோடு எதிரில் வந்து நிற்கிற பெண்டாட்டியையும் கேட்பார். கோர்ட்டில் சொன்னதற்குக் குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் நின்றாள். அவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "யாரு? யாரு?" என்று மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தார். "நான்தாங்க," என்றாள் அவசரமாக. அதன்பிறகு ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

தொண்ணூற்று நான்கில் ஒரு காலை. கஸ்தூரி மாவு அளந்துகொண்டிருந்தாள். கேட் சத்தம் கேட்டது.

"யாரு?"

தரையில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் மட்டும் வந்தது.

"யாரு?"

"நஜீரு, மாமா. அக்கா வாணியம்பாடி போவுது. சாவி குடுத்துட்டு வரச் சொல்லிச்சு."

கஸ்தூரி மாவுக் கையோடு வெளியே வந்தாள். பக்தவத்சலம் எழுந்து நின்றிருந்தார். முகம் கோணிப்போயிருந்தது.

"அன்னிக்கி நான் கேக்கலப்பா," என்றார்.

"தெரியும் மாமா," என்றான் நஜீர். சாவியைக் கஸ்தூரியிடம் நீட்டினான்.

சுவரில் ஆணி இருந்த இடத்தில் ஓட்டைதான் மிச்சம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை முந்தானையில் முடிந்தாள். லத்தீஃபா ஊரிலிருந்து திரும்பி வரும்வரை கஸ்தூரி படியிறங்கவில்லை. அத்தனை நாளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்தவத்சலம்தான் அடிபம்புக்குப் போய் வந்தார்.