காதுகுத்துக்குப் போகாத தாய்மாமன்

ராசு வந்து கேட்டபோது நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நான் உபதேசியாராக இருந்தேன். வீடு வீடாகப் போய் ஜெபிப்பது, வேதம் சொல்வது, ஞானஸ்நானத்துக்கு ஆள்களை ஆயத்தப்படுத்துவது என் வேலை. புதிதாக வரும் ஊழியர்கள், சனங்களுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். அதில் எனக்கு அப்போதே கர்வம் உண்டு. வயல்வேலை பார்க்கும் குடும்பங்களில் இரட்சிப்பு, கிருபை என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். நான் காதுகுத்தைச் சொல்வேன். "பிள்ளைக்கு வலிக்கயில தாய்மாமன் மடியில வச்சு இறுக்கிப் புடிச்சுக்கிறார்ல? ஆண்டவரும் அப்படித்தான்." ராசுவும் அவர் தங்கை சரசுவும் அதைக் கேட்டுத்தான் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். தங்கை, புருஷன் வீட்டுக்குப் பயந்து எப்போதாவதுதான் வருவார்.

ராசுவுக்கு ஞானஸ்நானம் முடிவானது. அதற்கு முந்தின வாரம் சரசு மகளுக்குக் காதுகுத்து, நாட்டரசன்கோட்டைப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில்.

"சாமி கும்பிட மாட்டேன்யா. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு, குத்துனதும் எந்திரிச்சு வந்துருவேன். தோடு எடுத்துட்டேன், பட்டுப்பாவாடையும் எடுத்துட்டேன்" என்றார்.

"கெடா வெட்டுற இடத்துல போய் உக்காந்தா கிறிஸ்தவன்ங்கிற சாட்சி என்னாகும் ராசு? சீரைக் குடுத்து விடுங்க, போதும்" என்றேன்.

உண்மையில் எனக்குப் பயம். ராசு கோயிலில் உட்கார்ந்தார் என்று போதகர் காதுக்குப் போனால், ஞானஸ்நானம் தள்ளிப்போகும், என் பேர் கெடும். அதைச் சாட்சி என்று சொல்லி அவர் தலையில் கட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காதுகுத்து முடிந்த மறுநாள் காலையில் சரசு என் வீட்டுக்கு வந்தார். கையில் அதே தோடு, அதே பாவாடை.

"தங்கத்துக்கா எங்கண்ணனக் கூப்புட்டேன்? மாமன் வரட்டும் மாமன் வரட்டும்னு மத்தியானம் வரைக்கும் ஆசாரிய உக்கார வச்சிருந்தோம். எம்மாமியா எல்லாரு முன்னாடியும் வச்சுக் கேட்டாக, ஒனக்குப் பொறந்த வீடு இருக்கா இல்லையான்னு. கடைசில எங்கப்பா வழிப் பங்காளி ஒருத்தர் மடியில வச்சுக் குத்துனோம். நீங்கதானய்யா சொன்னீக, வலிக்கயில புடிச்சுக்கிறவருதான் ஆண்டவருன்னு? எம்புள்ள கத்துனப்போ எங்கண்ணன் மடிய எங்க ஒளிச்சு வச்சீக?"

வேதத்திலிருந்து ஏதோ சொல்லப் போனேன். சரசு சாமான்களை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. அண்ணனோடு பேச்சும் இல்லை. நான் இரண்டு தரம் சரசு வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. ராசு ஞானஸ்நானம் பெற்றார். போதகர் என்னைப் பாராட்டினார். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை வருஷத்தில் ராசு என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். சரசு மகளுக்குக் கல்யாணம். ஊர்க்காரர் யாரிடமோ வாங்கி வந்திருக்கிறார்.

"கண்ணாடி கொண்டாரலய்யா. தாய்மாமன்னு எம்பேரு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. நான் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை வாசித்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் அன்று மடியில் வைத்த அந்தப் பங்காளியின் பேர்.

"இல்ல ராசு."

"சரிய்யா. ஜெபம் பண்ணுங்க."

சனங்களின் உறவைக் காட்டி ஆண்டவரைச் சொல்லுகிற ஊழியர்களே, அந்த உறவுக்குப் போகிறவனை வாசலில் மறிக்காதீர்கள். நான் மறித்தேன். அன்றைக்கு எனக்கு ஜெபிக்க வாய் எழவில்லை. ராசுதான் கண்ணை மூடி, சரசு மகள் பேரைச் சொல்லி, அவள் நல்லா இருக்கணும் என்று ஜெபித்தார்.