வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா?

போன புதன்கிழமை ஒரு ஸ்பெயின் தேசத்துக்காரரைச் சாப்பாடு போட்டே கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்றே இல்லை. மரியாதையாகத்தான்.

பூந்தமல்லியில் நான் கடிதம் எழுதும் வேர்க்கடலை மண்டிக்குச் சரக்குப் பார்க்க வந்தவர் அவர். இங்கிலீஷ் அரைகுறை. எங்கள் முதலாளியோ சுத்த சைவம். மிலிட்டரி ஓட்டல் வாசற்படியைக்கூட மிதிக்க மாட்டார்.

"நீதானே பாதிரியார்கிட்ட அந்தப் பாஷை கத்துக்கினு கீறே? தொரைய இட்டுகினு போயி நல்லா கவனி. அவரு சந்தோஷமாப் போனா, உன் வேலையக் கெட்டி பண்ணிடலாம்" என்றார்.

மூன்று வருஷமாக நான் டெம்பரரி குமாஸ்தா. என் கல்யாணப் பேச்சு அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றுகொண்டிருக்கிறது. பாஷை சரியாக வராது என்று சொல்ல வாய் வருமா?

மாதா கோயில் பாதிரியாரும் ஸ்பெயின்காரர்தான். ஞாயிறுதோறும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, ஓட்டலில் பேச வேண்டிய நாலைந்து வாக்கியங்கள். "கொண்டா என்று அதட்டக் கூடாது. 'கே தால் ஸி பெதீமோஸ் பெஸ்காதோ?' என்று கேட்க வேண்டும்." மீன் கொண்டுவரச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அர்த்தமாம்.

மிலிட்டரி ஓட்டலில் போய் உட்கார்ந்ததும் அப்படியே கேட்டேன். "நோ, கிராஸியாஸ்" என்றார் துரை. அதாவது, வேண்டாம், நன்றி.

முதல் வேண்டாமை யாராவது மதிப்பார்களா? இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தால் விரலிடுக்கில் சோற்றைத் தள்ளுகிற ஊர் இது. மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை தலையை ஆட்டினார். மீன் வந்தது. கோழியும் அப்படியே வந்தது. பிறகு ஆட்டுக்கறி... துரைக்கு முகம் சிவந்து வேர்வை வழிந்தது. நம் உபசாரத்தில் உருகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் கறித் தட்டைக் காட்டி என்னையும் அதேபோல் கேட்டார். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் கேட்டவுடன் கையை நீட்டலாமா? "நோ, கிராஸியாஸ்" என்றேன். இரண்டாம் தடவைக்குக் காத்திருந்தேன்.

மனுஷர் சரியென்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பார்த்துக்கொண்டே இருந்த ஓட்டல்காரர் கன்னியப்பன் பக்கத்தில் வந்தார். "அண்ணாத்தே, நீ ஒரு தபா வேணாம்னே, அவரு உட்டுட்டாரு. அவரு எத்தினி தபா வேணாம்னாரு, நீ உட்டியா? பாவம், மூச்சு வாங்கிகினு கீறாரு."

எனக்குத் திக்கென்றது. வேலை போச்சு, கல்யாணமும் போச்சு. பாதிரியார் சொன்னதில் ஒரு வாக்கியம் மட்டும் மிச்சமிருந்தது — "கே தால் ஸி கொம்பர்த்தீமோஸ்?" பங்கு போட்டுக்கொண்டால் எப்படி?

கேட்டு முடிக்கவில்லை, தட்டு என் பக்கம் வந்துவிட்டது. துரை அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். நானும் வெட்கத்தை விட்டு ஒரு பிடி பிடித்தேன்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "தொர ரொம்ப சந்தோஷமாப் போறாரு. உன் வேலைய இன்னிக்கே கெட்டி பண்ணிடட்டுமா?"

பழக்க தோஷம்... "எதுக்குங்க முதலாளி, இருக்கட்டும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

நல்லவேளை, முதலாளி பூந்தமல்லிக்காரர். இரண்டாம் தடவையும் கேட்டார்.