பெயர் வாசிக்கப்படாத மருமகன்

கடைசிச் சுற்றின் கடைசிப் பெயரும் திரையில் வந்து போனபோது, பியர்பொன்ட்ஸ் நகரில் அக்கா வீட்டு மேசையில் பொரித்த ரோல்ஸ் தொடுவாரில்லாமல் ஆறிக் கிடந்தன. இளையோர் ஐஸ் ஹொக்கி அணிகள் தங்களுக்கான வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்ட் நாள் அது. எத்தனையோ பெயர்களை வாசித்தார்கள். அக்காவின் மகன், என் மருமகன், அவன் பெயர் மட்டும் வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

திறமையான பிள்ளைகள் ஏன் விடுபடுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உயரம் காணாது, உடம்பு காணாது, தெரிவாளர்கள் இரண்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் என் மருமகன் விடுபட்டதற்குக் காரணம் நான். வசந்தகாலச் சுற்றுப்போட்டியைப் பார்க்கத் தெரிவாளர்கள் எல்லோரும் பக்கத்து நகரான புவாண்ட்-கிளேரில் வந்து கூடிய அதே சனி ஞாயிறில்தான், என் மூத்தவள் பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீட்டை வைத்தேன். மாமி முறைக்கு அக்கா தண்ணீர் வார்க்க வேண்டும், மச்சான் முறைக்கு அவனும் நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "விளையாட்டு ஒவ்வொரு கிழமையும் வரும். இது ஒருக்கால்தான்" என்றேன், பெரிய ஞானி மாதிரி. அவன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தான். படங்களில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறான். அந்த அல்பத்தை நான் இன்றும் திறப்பதில்லை.

டிராஃப்டுக்கு அடுத்த நாளே அவனுடைய பயிற்சியாளரைத் தேடிப் போய், பிழை என்னுடையது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் ஒப்புக்கொண்டேன். விடுபட்டவர்களிலும் சிலரை அணிகள் ஓகஸ்ட் முகாமுக்குக் கூப்பிட்டுப் பார்ப்பதுண்டு என்று சொல்லிவிட்டு, மனிதர் அங்கேயே ஓர் அணிக்குத் தொலைபேசி எடுத்தார்.

முகாமுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காரில் வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கோ மாமா. இந்த முறை நான் அங்க நிப்பன்தானே" என்றான்.

நின்றான். தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களிடமிருந்து பக் என்கிற அந்த ரப்பர் வட்டைப் பறித்துக்கொண்டு பனித்தளத்தில் பறந்தான். இரண்டாம் நாள் ஒரு தெரிவாளர் அவனை மறித்து, வசந்தத்தில் எங்கே போயிருந்தாய் என்று கேட்டாராம். மச்சாளின் விழாவில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்றிருக்கிறான். நாலாம் நாள் சுவரில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது அந்த அணியில் அவனுக்கு இரண்டாவது வருடம். போன மாதம் என் இளையவளின் சாமத்தியவீட்டுக்கு ஐயரிடம் நாள் கேட்டேன். ஒரு சனிக்கிழமையைச் சொல்லி, இப்படியொரு நாள் பிறகு கிடைக்காது என்றார். நான் அணியின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்.

"நல்ல நாள்தான் ஐயா. ஆனா அண்டைக்கு எங்களுக்கு மட்ச் இருக்கு."