மெதுவாகச் சுற்றினால் வரும் குரல்

கை சோர்ந்த ஒரு பின்னேரத்தில்தான் அது எனக்குப் பட்டது: இந்தக் கசற்றுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நல்லூரில் நண்பனின் வீட்டு விறாந்தை. யுத்தத்தில் மின்சாரம் போய் மூன்று வருடமாகியிருந்தது, தடையால் பற்றறியும் வருவதில்லை. ரியூசனுக்குப் போகாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோவிலிருந்து வயர் ரேப் றெக்கோடருக்குப் போகும். எங்களிடம் இருந்தது ஒரேயொரு கசற், லண்டனிலிருந்து அவனுடைய மாமா எப்போதோ அனுப்பிய புளூஸ் பாட்டுகள். பத்து வருடம் மதுச்சாலைகளில் யாரும் கவனிக்காமல் பாடிய ஒருவரை உலகத்துக்குக் காட்டிய தொகுப்பு என்று உறையில் போட்டிருந்தது. கிற்றார் பழகத் தொடங்கியிருந்த எனக்குப் பைத்தியம் பிடிக்க அந்த ஒரு வரி போதும்.

அன்று கை ஓய, சுற்றுக் குறைந்தது. பாடியவரின் குரல் இறங்கி, தடித்து, ஒரு முதியவருடையதாக மாறியது. யாரோ பக்கத்து அறைக்குள் செருமிக்கொண்டு நடப்பது போலிருந்தது.

நண்பனின் தாயார் குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தார். "ஆர் கதைக்கிறது?"

"ஒருத்தருமில்லை அம்மா, கசற்" என்றான் நண்பன்.

"கொப்பரின்ரை தொண்டை."

அவனுடைய தகப்பன் இரண்டு வருடங்களுக்கு முன் சாவகச்சேரிக்கென்று சைக்கிளில் போனவர். திரும்பவில்லை.

"இது இங்கிலீசுப் பாட்டம்மா. அப்பா எங்கை இங்கிலீசிலை பாடினவர்?"

"பாடமாட்டார். கோவம் வந்தால் இங்கிலீசிலைதான் ஏசுவார்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் முருங்கையிலைச் சுளகோடு வந்து கதவடியில் இருந்தார். "கொஞ்சம் மெதுவாச் சுத்து, தம்பி." அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் வேகத்தைப் பிடிப்பேன். அவர் கண்ணை மூடினால் சரி. ஆனால் பிறகு கிற்றாரில் தேடினால் அந்தச் சுருதி எதிலும் ஒட்டவில்லை. அந்தப் பாடகர் உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார் என்று அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கடைசியில், கிளாலிக் கடல் தாண்டி ஒளித்துக் கொண்டுவந்த நாலு புதுப் பற்றறி கிடைத்தது. போட்டோம். ஒரு இளந்தாரி துள்ளிக்கொண்டு பாடினான். என் கிற்றார் முதல் தடவையாக அவனோடு சேர்ந்தது.

தாயார் சுளகைக் கீழே வைத்தார். "உவர் ஆர்?"

"அதே ஆள்தான் அம்மா. இதுதான் அவரின்ரை சரியான குரல்" என்றேன் நான்.

"அப்ப மற்றவர் எங்கை போயிட்டார்?"

எழும்பி உள்ளே போனார்.

பற்றறிகளைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் சுற்றினேன். மெதுவாக, இன்னும் மெதுவாக. யாரோ ஒரு கிழவர் பாடினார்.

"அது அவரில்லை" என்றது உள்ளேயிருந்து தாயாரின் குரல்.

"முந்தி எப்பிடி மச்சான் சுத்தினனி?" என்று நண்பன் இரகசியமாகக் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அந்த முகம் எதிரே இல்லாமல் கைக்கும் தெரியவில்லை.

மறுநாளுக்குத் திட்டம் போட்டோம். சுற்றை எண்ண அடையாளமாகப் பெடலில் துணி கட்டுவது. நண்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவான். நிமிடத்துக்கு அறுபது சுற்றில் தொடங்கி ஒவ்வொன்றாக நான் குறைக்க வேண்டும். குசினியில் தாயாரின் பாத்திரச் சத்தம் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதிலிருந்து கை நழுவக்கூடாது.