கையைப் பிடித்த இரக்கம்

தையல் ஆலையில் இஸ்திரி போடுகிறவள் அவள். பிறவியிலேயே காது கேளாதவள். கணவன் செத்த மறுமாதமே நாத்தனார் மனுப் போட்டுவிட்டாள்: காது கேளாத தாய், காது கேளாத குழந்தையை எப்படி வளர்ப்பாள்? என்னிடம் கொடுங்கள். அந்த நாலு வயதுக் குழந்தை கைகளால் வாய் ஓயாமல் பேசும். ‘தண்ணீர்’ என்பதற்குக்கூட நாத்தனாருக்குச் சைகை தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை.

விசாரணைக்கு ஆலைக்கே வந்தார் குழந்தைகள் நல அதிகாரி. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கற்றதோ கடல்கடந்த நாட்டுச் சைகை மொழி. உலகம் முழுக்கச் சைகை ஒன்றுதான் என்பது அதிகாரியின் எண்ணம். வாயால் பேசுகிறவனுக்கு ஆயிரம் மொழி இருக்கலாம், கையால் பேசுகிறவனுக்கு ஒன்று போதுமாம்! படித்த மடமை இது, குமட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளர் விரல்களை ஆட்டினார். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘புரியவில்லை’ என்று சொல்லக் கைகளைத் தூக்கினாள். அதிகாரிக்கு இரக்கம் பொங்கிவிட்டது. இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதம்மா. நிதானமா பதில் சொல்லு."

வாயைப் பொத்திவிட்டுப் பேசச் சொல்கிற இரக்கம். அவள் கையை உருவப் பார்த்தாள். "பாவம், நடுங்குறா" என்று இன்னும் இறுக்கினார். பிறகு விட்டுவிட்டு எழுதினார்: ‘கேள்விகளுக்குப் பதில் இல்லை.’

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்" என்றாள் கூடவே வந்திருந்த நாத்தனார்.

துணி வெட்டும் மேசையருகே நின்ற, ‘கத்திரி’ என்று பட்டப்பெயர் வாங்கிய, காது கேளாத இன்னொருத்தி பலகைத் தரையை ஓங்கி மிதித்தாள். காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை அது. கத்திரி அந்தக் கடல்கடந்த நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். மொழிபெயர்ப்பாளரின் சைகைதான் அவள் தாய்மொழி. தேநீர் இடைவேளைகளில், ‘அம்மா’வுக்குக் கன்னத்தைத் தொடுவதா மார்பைத் தட்டுவதா என்று இஸ்திரிக்காரியோடு சண்டை போட்டே இவள் மொழியையும் கற்றுக்கொண்டவள். இஸ்திரிக்காரிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நடுவில் வந்து நின்று, இவள் கைகள் சொன்னதை அவருக்குத் தெரிந்த சைகையில் மாற்றிச் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

மொழிபெயர்ப்பாளர் நெளிந்தார். "‘உங்க வாயைப் பொத்திக்கிட்டு நான் கேள்வி கேட்டா, நீங்க பதில் சொல்வீங்களா?’ன்னு கேக்குறாங்க சார்."

அதிகாரி கனைத்துக்கொண்டார். "தூக்கத்துல குழந்தை அழுதா எப்படித் தெரியும்?"

கேள்வி மூன்று ஜோடிக் கைகளில் போய் வந்தது.

"‘என்னை ஒட்டித்தான் படுக்குறா. அசைஞ்சாலே முழிச்சுக்குவேன். எதுக்கு அழுவுறேன்னு அவளே சொல்வா. அவங்க அத்தைகிட்ட சொன்னா, அத்தைக்குப் புரியுமா?’"

நாத்தனார் விட்டத்தைப் பார்த்தாள்.

குழந்தை தாயிடமே இருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு என்று எழுதினார் அதிகாரி. காது கேட்கிற எந்தத் தாய்க்கு இந்தச் சோதனை வைத்தார்கள்?

கிளம்பும்போது ஆறுதல் சொல்ல மறுபடியும் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.