பெரியவங்க நாற்பது பேர்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் பல வருடம் கரண்டி பிடித்தவள், இனி வீட்டிலிருந்தே விருந்துச் சமையலுக்கு ஆர்டர் எடுக்கப் போகிறேன் என்றாள். கணவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "நீ சமைச்சா யாரு சாப்பிடுவா?" என்றார்.

"இப்ப நீங்க மண்ணையா திங்கறீங்க?"

"நான் கட்டிக்கிட்டவன். எனக்கு வேற வழி?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முதல் ஆர்டர் நன்றாகப் போனால், அவருடைய ஸ்கூட்டர் நிற்கும் கொட்டகை சமையற்கூடமாகும். சொதப்பினால், புதிதாக வாங்கிய பெரிய அடுப்பை விற்றுவிட்டு அவள் இல்லத்துக்கே திரும்ப வேண்டும். "நீ வந்துடுவே, உன் இடத்தை வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பிய மேற்பார்வையாளர் முகத்தில் மறுபடி விழிப்பதைவிட, அவள் அந்த அடுப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

முதல் ஆர்டர் ஒரு லாரி முதலாளியிடமிருந்து போனில் வந்தது.

"புது ஷெட்டு திறக்கறேங்க்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு. பெரியவங்க நாப்பது பேரு."

"பெரியவங்க மட்டும்தானா?"

"மட்டும்தாங்க்கா."

சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களுக்குச் சமைப்பதில் அவளை அடிக்க ஆளேது! சோற்றைக் குழைய வடித்தாள். காய்களை வேகவைத்து மசித்தாள். கோழியை எலும்பு நீக்கி நார்நாராகப் பிய்த்தாள். உப்பு பாதி, காரம் பேருக்கு.

கணவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் வந்து படுத்த மாதிரி இருக்கு."

"வயசானவங்களுக்கு இதான் ஒத்துக்கும். போங்க, வாடகை வண்டியில ஏத்துங்க."

சோறு ஆறக்கூடாதென்று அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷெட்டில் நாற்பது பேர் பந்திக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையும் தொடை மாதிரி இருந்தது.

"பெரியவங்க இன்னும் வரலியா?" என்றாள்.

"இவங்கதாங்க்கா. எல்லாம் நம்ம லோடு ஏத்தற ஆளுங்க."

பிள்ளை குட்டி வராது என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன 'பெரியவங்க', பல் கிடையாது என்று இவள் காதில் விழுந்திருந்தது.

அதற்குள் மொட்டைத்தலைக்காரன் ஒருவன் மூடியைத் திறந்துவிட்டான். "அண்ணே, இத யாரோ ஏற்கெனவே மென்னுட்டாங்க!"

தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கணவர் என்ன விலைக்குப் போகும் என்பதுபோல் அடுப்பைச் சுற்றிவந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இல்லத்தில் யாருக்காவது புரையேறினால் முதலில் முதுகில் தட்ட வேண்டும், பதறுவதெல்லாம் அப்புறம். அவள் புடவையைச் செருகினாள்.

"ஏங்க, கடைக்கு ஓடுங்க. மிளகாத்தூள், உப்பு, வெங்காயம், எண்ணெய், ரொட்டித்தூள். சிரிச்ச வாயி, நீ இங்க வா. கையக் கழுவிட்டு உருண்டை பிடி."

"நானாக்கா?"

"பின்ன, உன் மாமியாரா? நாலு பேரக் கூட்டிக்க."

மசித்த காயும் பிய்த்த கோழியும் மசாலாவோடு கலந்தன. லோடு தூக்கும் கைகள் பிடித்தால் உருண்டை எலுமிச்சை அளவிலா வரும்? ஒவ்வொன்றும் முஷ்டி அளவு. ரொட்டித்தூளில் புரண்டு எண்ணெயில் விழுந்து மொறுமொறுவென்று எழுந்தன. குழைந்த சோற்றை வெங்காயமும் மிளகாயும் போட்டு அகலச் சட்டியில் முறுகவிட்டாள். அடியில் பிடித்ததைச் சுரண்டித் தின்ன நாற்பது பேரில் பாதிப் பேர் அடித்துக்கொண்டார்கள்.

"இது எங்க கை வேலைண்ணே!" என்று மொட்டைத்தலை முதலாளிக்கே பரிமாறினான். அவர் இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கிழட்டுக் காவலாளி மட்டும் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மொதல்ல கொண்டு வந்தீயே தாயி, அதுல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

வீடு திரும்பியதும் கணவர் ஸ்கூட்டரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்பை உள்ளே இழுத்தாள்.

மறுவாரம் புது ஆள் ஒருவரிடமிருந்து போன் வந்தது. "பெரியவங்க முப்பது பேருங்க."

"பல்லோடயா, பல்லில்லாமயா?"

மறுமுனையில் அவர் யாரிடமோ விசாரிப்பது கேட்டது.

"போச்சு, வந்த ஆர்டரை விரட்டிட்டா" என்றார் கணவர் வெளியிலிருந்து.

"கலந்துதாங்க இருக்கு" என்றது போன்.